ஒரே சர்வர், மூன்று வேலை: நைஸா, சி-குரூப்பா, விஎம்மா?

மண்ணடி, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் சர்வர் பார்த்துக்கொள்கிறவர்களும், பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. மெஷின் ஒன்றுதான். அதில் டேட்டாபேஸ் ஓடுகிறது, ஸ்கேன் செய்த ஆவணங்களைப் படிக்கும் ஓசிஆர் ஓடுகிறது, ராத்திரியில் பேக்கப் ஓடுகிறது. ஏதாவது ஒன்று வேகமெடுத்தால் மற்றதெல்லாம் படுத்துவிடுகிறது. ஒரு புரோகிராமின் முன்னுரிமையை மாற்றும் நைஸ் போட்டால் போதுமா? புரோகிராம்களைக் குழுவாகக் கட்டி வளத்தைப் பங்கு போடும் சி-குரூப் கட்ட வேண்டுமா? கட்டினால் அதன் பழைய பதிப்பான வி1ஆ, புதிய வி2ஆ? இல்லை, ஒரே மெஷினுக்குள் தனித்தனி மெய்நிகர் மெஷின்களாக (விஎம்) பிரித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

இன்னொரு மெஷின் வாங்குங்கள் என்று சொல்வது சுலபம். சின்ன அறையில், ஒரே யுபிஎஸ்ஸில் ஓடும் அலுவலகத்துக்கு அது பதில் ஆகாது. இருக்கிற மெஷினை ஒழுங்காகப் பங்கு போடுவதுதான் வழி. கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: 16 கோர், 64 ஜிபி மெமரி, லினக்ஸ், மேலே சொன்ன மூன்று வேலைகள்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல்: ஒரு வேலையை ஒரே குழுவாகக் கணக்கு வைக்கிறதா? நம் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் ஒரே ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) இல்லை. ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு புராசஸ் கிளம்பும். ஓசிஆர் கோருக்கு ஒன்றாகக் கிளம்பும். தனித்தனிப் புராசஸுக்கு வரம்பு போட்டு என்ன பயன்?

இரண்டாவது, சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறதா? பலரும் இதைக் கவனிப்பதில்லை. மெமரி குறைந்தால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், படித்த ஃபைல்களை மெமரியில் வைத்திருக்கும் ஃபைல் கேஷைக் காலி செய்யும், மற்றதை டிஸ்க்கில் உள்ள ஸ்வாப் இடத்துக்குத் தள்ளும். போன பக்கங்களை (மெமரித் துண்டுகளை) திரும்பப் படிக்க டிஸ்க் நெரிசலாகும். டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் புராசஸ்களையும் லினக்ஸ், லோடு ஆவரேஜ் என்ற சுமைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதால் அந்த எண் ஏறும். பார்க்கிறவர் சிபியு போதவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். மூன்றும் ஒரே கணக்கில் இல்லையென்றால் மூல காரணம் கைக்கு வராது.

மூன்றாவது, பங்குக்குள் பங்கு பிரிக்க முடிகிறதா? பேக்கப்புக்குக் கொடுத்த பங்குக்குள் இரண்டு பேக்கப் வேலைகள் அடித்துக்கொண்டாலும் டேட்டாபேஸின் பங்கு அசையக் கூடாது. நான்காவது, மந்தமானால் யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று சொல்கிறதா? கடைசியாக, நீங்கள் வேறு வேலைக்குப் போன பிறகு வருகிறவர் புரிந்துகொண்டு நடத்த முடியுமா? என் கணக்கில் இதற்கு எடை அதிகம். சின்ன அலுவலகத்தில் ஆள் மாறுவதுதான் பெரிய ஆபத்து.

## நைஸும் யூலிமிட்டும்

நைஸ் ஒரு புராசஸின் முன்னுரிமை எண், யூலிமிட் ஒரு புராசஸுக்கான வரம்பு. இரண்டும் எல்லா லினக்ஸிலும் இருக்கின்றன, எதையும் நிறுவ வேண்டாம். நைஸ் எண் மைனஸ் 20 முதல் 19 வரை போகும். ஒரு படி இறங்கினால் சிபியு எடை ஏறத்தாழ 1.25 மடங்கு குறையும். நைஸ் 0-க்கு உள்ளே 1024 எடை, நைஸ் 19-க்கு வெறும் 15. ஒரே கோருக்கு இரண்டு புராசஸ் போட்டி போட்டால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

ஆனால் முதல் அளவுகோலிலேயே இது விழுந்துவிடுகிறது. தண்ணி லாரி வரும் தெருவில் ஆளுக்கு இரண்டு குடம் என்று விதி போட்டால் பத்துப் பேர் இருக்கும் வீடு இருபது குடம் எடுத்துக்கொள்ளும், தனியாக இருக்கும் பாட்டிக்கு இரண்டுதான். யூலிமிட்டும் அப்படித்தான். ஒரு புராசஸுக்கு 4 ஜிபி என்று வைத்தால் முப்பது புராசஸ் சேர்ந்து 120 ஜிபி கேட்கலாம், நம்மிடம் இருப்பது 64. அதிலும் அந்த வரம்பு அளப்பது புராசஸ் தனக்கென்று குறித்து வைத்த முகவரி வெளியை, உண்மையில் பிடித்திருக்கும் மெமரியை அல்ல. உண்மையான மெமரிக்கென்று ஆர்எஸ்எஸ் என்ற பெயரில் ஒரு வரம்பு இருக்கிறது. இன்றைய லினக்ஸ் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. எண்ணைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், ஒன்றும் செய்யாது.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று. 2011-இல் வந்த 2.6.38 கர்னலிலிருந்து ஆட்டோகுரூப் என்று ஒன்று இருக்கிறது. அது இயங்கும் இடத்தில் ஒவ்வொரு லாகின் செஷனும் தனிக் குழு. நைஸ் எண்ணுக்கு அந்தக் குழுவுக்குள்ளே மட்டும்தான் மதிப்பு. ஒரு டெர்மினலில் நைஸ் 19 போட்டு ஓடும் வேலை, இன்னொரு டெர்மினலில் இருக்கும் வேலையோடு சரிபாதி சிபியு வாங்கிக்கொண்டிருக்கும். நைஸ் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இருந்தாலும் ஒரு கம்பைல் வேலையைக் கொஞ்சம் ஒதுங்கி ஓடச் சொல்ல நைஸ் போதும். திறந்து வைக்கும் ஃபைல் எண்ணிக்கைக்கு யூலிமிட்தான் சரியான கருவி. இவற்றுக்கு மேல் கேட்காதீர்கள்.

## சி-குரூப் வி1

2006-இல் கூகுளில் பால் மெனேஜ், ரோஹித் சேத் இருவரும் தொடங்கிய வேலை. முதலில் புராசஸ் கன்டெய்னர் என்று பெயர், பிறகு கன்ட்ரோல் குரூப். 2008 ஜனவரியில் 2.6.24 கர்னலோடு வெளிவந்தது. புராசஸ்களைக் குழுவாகக் கட்டி, குழுவுக்குக் கணக்கு வைக்கும் வசதி அன்றுதான் லினக்ஸுக்குக் கிடைத்தது.

வடிவமைப்பில் அவர்கள் எடுத்த முடிவு: குழுக்களின் படிநிலையைச் சிபியுவுக்கு ஒரு மரம், மெமரிக்கு ஒரு மரம், டிஸ்க்குக்கு ஒரு மரம் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். ஒரே புராசஸ் சிபியு மரத்தில் ஒரு கிளையிலும் மெமரி மரத்தில் வேறு கிளையிலும் இருக்கலாம். கேட்கும்போது சுதந்திரமாகத் தோன்றும். நடைமுறையில் அதுதான் இடித்தது.

நம் பேக்கப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புராசஸ் ஃபைல் எழுதும்போது தரவு முதலில் மெமரியில் உள்ள பேஜ் கேஷில் விழும். பிறகு கர்னலுக்குள் ஓடும் துணை வேலை (த்ரெட்) ஒன்று அதை டிஸ்க்கில் எழுதும். அந்தப் பக்கத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பது மெமரி மரத்துக்குத் தெரியும். எழுத்தைக் கட்டுப்படுத்த வேண்டியது டிஸ்க் மரம். இரண்டும் பேசிக்கொள்ளாததால் அந்த எழுத்தெல்லாம் பேக்கப் குழுவின் கணக்கில் சேராமல் மரத்தின் வேருக்குப் போய்விடும். நொடிக்கு 20 எம்பிக்கு மேல் எழுதாதே என்று பேக்கப் குழுவுக்கு வரம்பு போட்டிருப்பீர்கள். டிஸ்க் அப்போதும் திணறும். கேஷைத் தாண்டி நேராக எழுதும் புரோகிராம்களை மட்டும்தான் அந்த வரம்பு பிடிக்கும்.

இன்னொரு குழப்பம்: தாய்க் குழுவிலும் புராசஸ் இருக்கலாம், அதன் கிளைகளிலும் இருக்கலாம். அப்போது தாய்க்குழுவின் புராசஸும் கிளைக்குழுவும் எந்தக் கணக்கில் போட்டி போடும்? சிபியு ஒரு விதமாகப் பதில் சொன்னது, டிஸ்க் வேறு விதமாக, மெமரியில் தெளிவான விதியே இல்லை. படிநிலை என்று பெயர் வைத்துவிட்டு, படிகளுக்குள் என்ன உறவு என்று சொல்லாமல் விட்டதுதான் இதன் அடிப்படைக் கோளாறு என்பேன்.

பாதுகாப்பிலும் அடி விழுந்தது. குழு காலியானதும் ஒரு புரோகிராமை ரூட் (முழு நிர்வாகி) உரிமையோடு ஓட்டும் ரிலீஸ் ஏஜென்ட் என்ற வசதி வி1-இல் உண்டு. கன்டெய்னர் என்ற அடைப்புக்குள் ஓடும் புரோகிராம் அங்கிருந்து வெளியே தப்ப அது வழிவிட்டது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2022-0492 என்று பதிவான ஓட்டை அதுதான்.

எங்கே வி1 இன்னும் பொருந்தும்? பழைய 3.10 கர்னலில் ஓடும் சென்ட்ஓஎஸ் 7 மெஷினை இப்போதைக்கு மாற்ற முடியாத இடத்தில். ஆனால் அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது. அப்புறம், பழைய ஜாவா. வி2-வைப் படிக்கத் தெரியாத ஜாவா, குழுவின் வரம்பைப் பார்க்காமல் மெஷினின் மொத்த மெமரியில் கால்வாசியை ஹீப்பாக (தன் வேலை மெமரியின் உச்சமாக) எடுத்துக்கொள்ளும். ஜாவா 15-இல் இது சரியானது, ஜாவா 8-இல் 8யூ372 பதிப்பிலும் ஜாவா 11-இல் 11.0.16-இலும் திருத்தம் வந்தது. அந்தப் பதிப்புக்கு ஏற முடிந்தால் வி1-ஐப் பிடித்துக்கொண்டிருக்க அந்தக் காரணமும் போய்விடும். புதிதாகக் கட்டுகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

## சி-குரூப் வி2

டேஜுன் ஹியோ தலைமையில் திருத்தி எழுதப்பட்ட வடிவம். 2016 மார்ச்சில் 4.5 கர்னலில் அதிகாரபூர்வமானது. சிபியு கட்டுப்பாடு சேர 2018 ஜனவரியில் 4.15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மரம் ஒன்றுதான். ஒரு புராசஸுக்கு ஒரே இடம், எல்லா வளமும் அந்த ஒரே இடத்தில்தான் கணக்கு. வேரைத் தவிர மற்ற இடங்களில், வளம் பிரித்துக் கொடுக்கும் குழுவில் புராசஸ் இருக்கக் கூடாது, இலைகளில்தான் இருக்கலாம். அதோடு தாய்–கிளைப் போட்டிக் குழப்பம் தீர்ந்தது. மெமரியும் டிஸ்க்கும் ஒரே மரத்தில் இருப்பதால் பேக்கப்பின் எழுத்து பேக்கப்பின் கணக்கிலேயே விழும். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம்களில் இது நடக்கும்.

சிபியு பங்கீட்டை எண்ணோடு பார்ப்போம். மேல்படியில் இரண்டு குழு: அலுவலகம் 300, ராத்திரி 100. அலுவலகத்துக்குக் கீழே டேட்டாபேஸ் 200, ஓசிஆர் 100. எல்லாரும் முழு மூச்சில் ஓடினால் அலுவலகத்துக்கு 75 சதவீதம், ராத்திரிக்கு 25. அந்த 75-இல் டேட்டாபேஸுக்கு 50, ஓசிஆருக்கு 25. 16 கோரில் 8, 4, 4. ஓசிஆர் சும்மா இருந்தால் அதன் பங்கு வீணாகாமல் டேட்டாபேஸுக்குப் போகும்.

இதையே படியில்லாமல் ஒரே வரிசையில் 200, 100, 100 என்று வைத்தாலும் இதே பங்குதான் வரும். பிறகு ஏன் படி? ராத்திரி வேலையோடு இன்னும் இரண்டு வேலை சேரும்போது தெரியும். ஒரே வரிசையில் மொத்த எடை 600 ஆகி, டேட்டாபேஸின் பங்கு 33 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மரத்தில் அந்த மூன்று வேலைகளும் ராத்திரியின் 25-க்குள் அடித்துக்கொள்ளும், டேட்டாபேஸின் 50 அப்படியே நிற்கும். படிநிலைக்கு நாம் மெனக்கெடுவது இதற்காகத்தான்.

எடை போதாது, கெட்டி வரம்பே வேண்டும் என்று பலர் உடனே சிபியு-மேக்ஸ் என்ற உச்சவரம்புக்குப் போகிறார்கள். அதில் பொறி இருக்கிறது. இரண்டு கோர் என்றால் 100 மில்லிசெகண்டுக்குள் 200 மில்லிசெகண்ட் சிபியு நேரம். ஓசிஆர் எட்டு த்ரெட்டில் ஓடினால் அந்த 200-ஐ 25 மில்லிசெகண்டில் தின்றுவிட்டு, மீதி 75 மில்லிசெகண்ட் அப்படியே நிற்கும். சராசரி சிபியு குறைவாகத்தான் காட்டும், ஆனால் ஸ்கேன் போட்டவர் ஏன் திக்கித் திக்கி வருகிறது என்று கேட்பார். பக்கத்தில் சும்மா இருக்கும் கோர்களையும் தொட முடியாது. நேரத்துக்குப் பணம் வாங்கும் இடத்தைத் தவிர, எடையே நல்லது.

மெமரியில்தான் வி2-வின் அருமை இருக்கிறது. நான்கு எண்கள்: மின், லோ, ஹை, மேக்ஸ். முதல் இரண்டும் பாதுகாப்பு, பின் இரண்டும் கட்டுப்பாடு. லோ அளவு வரை அந்தக் குழுவின் மெமரியை, வேறு வழி இருக்கும்வரை கர்னல் பிடுங்காது. மின் அளவு வரை எந்த நிலையிலும் பிடுங்காது. ஹையைத் தாண்டினால் கொல்லாது. குழுவை மெதுவாக்கி, பக்கங்களைத் திரும்ப வாங்கும். மேக்ஸைத் தொட்டு, காலி செய்யவும் வழியில்லை என்றால் மெமரி தீர்ந்தால் புராசஸைக் கொல்லும் கர்னல் வசதியான ஓஓஎம் வந்து கொல்லும்.

நம் மெஷினில் டேட்டாபேஸுக்கு லோ 32 ஜிபி, ஓசிஆருக்கு ஹை 12, மேக்ஸ் 16, பேக்கப்புக்கு ஹை 2 என்று தொடங்குவேன். பேக்கப் முழு டிஸ்க்கையும் படிக்கும்போது, டேட்டாபேஸ் பகலெல்லாம் சேர்த்து வைத்த ஃபைல் கேஷைத் தள்ளிவிடும். காலையில் முதல் ஒரு மணி நேரம் சர்வர் மந்தம் என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பேக்கப்புக்கு அந்த 2 ஜிபி வரம்பு வைத்தால் அது தன் கேஷையே திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும். அதன் மெமரிக் கணக்கு எப்போதும் உச்சியில் நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் பெரும்பகுதி கேஷ்தான்.

மறைந்த செலவுகள் இங்கேயும் உண்டு. பாதுகாப்பு மேலிருந்து கீழே வர வேண்டும். டேட்டாபேஸுக்கு லோ 32 கொடுத்துவிட்டு அதன் தாய்க்குழுவை 0-வில் விட்டால் பயன் இல்லை. மேல்படி வரை கொடுக்க வேண்டும். ஸ்வாப்பே இல்லாத மெஷினில் ஹை வரம்பு ஃபைல் கேஷைத்தான் பிழிய முடியும். புரோகிராம் தானாகப் பிடித்த மெமரியைத் தொட முடியாது, அதனால் குழு ஊர்ந்து ஊர்ந்து ஓடும். கொஞ்சமாவது ஸ்வாப் வையுங்கள். பேஜ் கேஷ் முதலில் தொட்டவர் கணக்கில் விழும். புராசஸைப் பிறகு வேறு குழுவுக்கு மாற்றினால் அது பிடித்த மெமரி கூடவே வராது. அதனால் தொடங்கும்போதே சரியான குழுவில் தொடங்க வேண்டும். டிஸ்க் எடையும் சும்மா எழுதி வைத்தால் வேலை செய்யாது. டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் பிஎஃப்கியு ஷெட்யூலரோ ஐஓ-காஸ்ட் அமைப்போ இயக்கத்தில் இருக்க வேண்டும். பல என்விஎம்இ டிஸ்க்குகளில் ஷெட்யூலரே இல்லாமல் ஓடும்.

கணக்கு வைப்பதிலும் ஒரு எல்லை உண்டு. ஓசிஆர் கேட்கும் கனமான குவெரியை ஓட்டுவது போஸ்ட்கிரெஸ் புராசஸ். செலவு டேட்டாபேஸ் குழுவுக்குத்தான் போகும். ஓசிஆரை எவ்வளவு இறுக்கினாலும் இது தீராது. கனெக்‌ஷன் எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும்.

நான்காவது அளவுகோலுக்கு வருவோம். 2018 டிசம்பரில் வந்த 4.20 கர்னலிலிருந்து ஒவ்வொரு குழுவுக்கும் பிரஷர் கணக்கு கிடைக்கிறது: கடந்த 10, 60, 300 நொடிகளில் எத்தனை சதவீத நேரம் இந்தக் குழு சிபியுவுக்காக, மெமரிக்காக, டிஸ்க்குக்காகக் காத்திருந்தது. லோடு ஆவரேஜை வைத்து ஊகிக்கும் காலம் இதோடு முடிந்தது. இந்த ஒரு வசதிக்காகவே வி2-வுக்கு மாறலாம் என்பேன்.

## சிஸ்டம்டி ஸ்லைஸ் வழியாக

வி2-வை நேரடியாகக் கையாள டைரக்டரி உருவாக்கி, ஃபைல்களில் எண் எழுதினால் போதும். கற்றுக்கொள்ள அருமையான வழி. ஆனால் ரீபூட் ஆனால் எல்லாம் போய்விடும், ஸ்கிரிப்ட் எழுதியவர் போனால் அதுவும் யாருக்கும் புரியாது. இன்றைய உபுண்டு, டெபியன், ரெட் ஹேட் எல்லாவற்றிலும் மரத்தின் மேல்பகுதி, சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் கையில்தான் இருக்கிறது. அதற்குள் நீங்கள் நேரடியாகக் கைவைத்தால் அது தன் போக்கில் மாற்றிவிடும். தனியாகக் கட்டியே ஆக வேண்டுமென்றால் டெலிகேட் கொடுத்த, அதாவது சிஸ்டம்டி உங்களிடம் ஒப்படைத்த, கிளைக்குக் கீழே மட்டும் கட்டுங்கள்.

மற்றபடி ஒவ்வொரு சர்வீஸுக்கும் உள்ள யூனிட் ஃபைல் என்ற அமைப்பு ஃபைலில் சிபியு வெயிட், மெமரி ஹை, மெமரி லோ என்று வரி எழுதுவதே போதும். எழுதியது ஃபைலில் இருக்கும், அடுத்து வருகிறவர் திறந்து படிப்பார். ஐந்தாவது அளவுகோலில் இதை அடிக்க வேறு வழி இல்லை.

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். சிஸ்டம்டி கட்டும் குழுவான ஸ்லைஸின் பெயரில் வரும் சிறு கோடுதான் படியைக் குறிக்கும்: ஆபீஸ்-டிபி என்று பெயர் வைத்தால் அது ஆபீஸ் ஸ்லைஸின் பிள்ளை. அழகுக்காகக் கோடு போட்டால் வேண்டாத படி முளைக்கும். அடுத்தது, குறித்த நேரத்தில் வேலைகளைக் கிளப்பும் கிரான். கிரானில் போட்ட பேக்கப், கிரான் சர்வீஸின் குழுவிலோ பயனரின் செஷன் குழுவிலோ ஓடும். நீங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய ராத்திரி ஸ்லைஸ் காலியாகக் கிடக்கும். அதை சிஸ்டம்டி டைமருக்கு மாற்றுங்கள். சிஸ்டம்டி-சிஜிஎல்எஸ் என்று தட்டினால் எந்தப் புராசஸ் எந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது என்று மரமாகவே காட்டும்.

## விஎம் பிரிப்பது

ஒவ்வொரு வேலைக்கும் தனி கர்னல், தனி சுவர். அடுத்தவருக்கு ரூட் உரிமை கொடுக்க வேண்டியிருந்தால், வேறு கம்பெனியின் தரவு அதே மெஷினில் இருந்தால், பழைய கர்னல் தேவைப்படும் மென்பொருள் இருந்தால் விஎம்தான். சி-குரூப் வளத்தைப் பங்கு போடும். நம்பத் தகாதவரிடமிருந்து காப்பாற்றும் சுவராக அதை நினைக்கக் கூடாது.

விலை மெமரியில் விழும். 64-ஐ மூன்றாகப் பிரித்தால் பகலில் பேக்கப் விஎம் பிடித்து வைத்திருப்பதை டேட்டாபேஸ் எளிதில் வாங்க முடியாது. ஒரே ஃபைலை விருந்தாளியும் (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளம்) ஹோஸ்ட்டும் (அதைத் தாங்கும் மெஷின்) இரண்டு முறை கேஷ் செய்யலாம். அப்டேட் போட வேண்டிய இயங்குதளம் ஒன்றிலிருந்து நான்காகும். அப்படியே விஎம் எடுத்தாலும், லினக்ஸின் சொந்த விஎம் வசதியான கேவிஎம்மில் ஒவ்வொரு விஎம்மும் ஹோஸ்ட்டில் ஒரு புராசஸ்தான், மெஷின் ஸ்லைஸுக்குள் இருக்கும். எடைகளை அங்கேயும் போடலாம்.

## எந்த இடத்துக்கு எது

கிளியரிங் அலுவலகம் மாதிரி, வேலைகள் முன்கூட்டியே தெரிந்த இடத்தில் சிஸ்டம்டி ஸ்லைஸோடு வி2. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. முதலில் வரம்பே போடாமல் கணக்கு மட்டும் ஓடட்டும். மாதக் கடைசி நெரிசல் ஒன்றைக் கடந்த பிறகு பிரஷர் எண்களைப் பார்த்து எடை போடுங்கள், அப்புறம் டேட்டாபேஸுக்கு லோ, கடைசியாகத்தான் ஹை, மேக்ஸ். சிஸ்டம்டியின் செட்-பிராப்பர்ட்டி கட்டளையோடு ரன்டைம் என்று சேர்த்தால் மாற்றம் அடுத்த ரீபூட் வரைதான் இருக்கும். வேலை நேரத்தில் சோதித்துப் பார்க்க அது பாதுகாப்பான வழி.

கம்ப்யூட்டர் சென்டரின் நிலைமை வேறு. நாற்பது மாணவர்கள் ஒரே சர்வரில் லாகின் செய்கிறார்கள், ஒருவர் 32 கம்பைல் புராசஸை ஒரே நேரத்தில் கிளப்பிவிடுகிறார், மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. குழு இல்லையென்றால் 71-இல் 32 பங்கு, ஏறத்தாழ 45 சதவீத சிபியு, அந்த ஒருவருக்கே போகும். ஆளுக்கு ஒரு குழு என்றால் எல்லாருக்கும் 2.5 சதவீதம். இதற்கு நாற்பது ஃபைல் எழுத வேண்டாம். யூசர் என்ற பெயரும் சிறு கோடும் கொண்ட பொதுவான ஸ்லைஸுக்கு ஒரே டிராப்-இன் (கூடுதல் அமைப்பு) ஃபைல் போட்டால் எல்லாப் பயனருக்கும் பொருந்தும். அதில் சிபியு வெயிட்டை வெளிப்படையாக எழுதுங்கள், அப்போதுதான் அந்தக் கட்டுப்பாடு நிச்சயமாக இயங்கும். மெமரி ஹையோடு மேக்ஸும் வையுங்கள். புராசஸ் எண்ணிக்கைக்கு வரம்பு போடும் டாஸ்க்ஸ்-மேக்ஸைச் சில நூறுக்குள் வைத்தால், புதுப் புராசஸ் கிளப்பும் ஃபோர்க்கில் லூப் போட்டுப் பழகும் மாணவரின் புரோகிராம் அவருடைய செஷனை மட்டும்தான் நிறுத்தும், வகுப்பை நிறுத்தாது.

தொடங்கும் முன் உங்கள் மெஷினில் எது ஓடுகிறது என்று பாருங்கள். மவுன்ட் பட்டியலில் சிகுரூப்2 என்று ஒரே வரி இருந்தால் வி2. சிபியு, மெமரி என்று பல வரிகள் வந்தால் வி1, அல்லது இரண்டும் கலந்த அமைப்பு. டெபியன் 11, உபுண்டு 22.04, ரெட் ஹேட் 9 முதல் வி2தான் இயல்பாக வரும். 2024-இல் வந்த சிஸ்டம்டி 256, வி1-இல் பூட் ஆகவே இயல்பாக மறுக்கிறது. அதனால் பழைய பூட் வரியில் யாராவது வி1-ஐக் கட்டாயப்படுத்தி எழுதி வைத்திருந்தால், அடுத்த பெரிய அப்டேட்டுக்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.